வார்த்தது ஒன்று, அடித்தது ஒன்று

எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்கும் மதில் சுவருக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறை ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு வைஸ்கள் நிற்கின்றன. ஒன்று, மேசையின் வலது மூலையில் நான்கு போல்ட்டுகளில் உட்கார்ந்திருக்கும் பெஞ்ச் வைஸ். மற்றது, கதவோரம் கருவேலக் கட்டையோடு கட்டப்பட்டு, ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி நிற்கும் கால் வைஸ். இரண்டும் ஒரே ஆண்டில் என்னிடம் வந்து சேர்ந்தன. வந்தபோது இரண்டிலும் துரு ஏறித் திருகு இறுகியிருந்தது. ஒரு தகரத் துண்டைக்கூடப் பிடிக்க முடியாத நிலை.

பெஞ்ச் வைஸ் கோயம்புத்தூர் உக்கடம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் வாங்கியது. தாடை அகலம் 5 அங்குலம், எடை 19 கிலோ. மூடிப்போன பஞ்சாலை ஒன்றின் சாமான்களோடு வந்ததாகக் கடைக்காரர் சொன்னார். கால் வைஸ் தாராபுரம் பக்கத்தில் என் தாய்மாமன் பட்டறையில் இருந்தது. மாமா மாட்டு வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டை போட்டவர். டயர் வண்டிகள் வந்த பிறகு வேலை குறைந்தது. அவர் போன பின் பட்டறை பூட்டியே கிடந்தது. “எடுத்துட்டுப் போ கண்ணு, இங்க மழையில நனையறதுக்கு அங்க ஏதோ ஒரு வேலைக்காவது ஆகட்டும்” என்று அத்தைதான் கொடுத்தனுப்பினார்.

இரண்டும் வைஸ், இரண்டும் இரும்பு, இரண்டிலும் துரு. ஆகையால் ஒரே முறையில் இரண்டையும் சீர்செய்துவிடலாம் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஒன்றுக்கு மருந்தாக இருந்த சூடு மற்றதைப் பிளந்துவிட்டது. பழைய கருவியைச் சீர்செய்ய உட்காருகிறவர் துருவைப் பார்ப்பதற்கு முன், துருவுக்கு உள்ளே இருக்கும் இரும்பு எந்த வகை, அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த பாடம் அதுதான். அதை ஒவ்வொரு கட்டமாகச் சொல்கிறேன்.

இரண்டு பிறப்பு

கால் வைஸ்தான் மூத்தது. ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டிலேயே திருகு வைத்த வைஸ் கொல்லர் பட்டறைகளில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டட்லி நகரத்தில் பீட்டர் ரைட் பெயரில் அடைகல்லும் கால் வைஸும் செய்து கடல் கடந்து அனுப்பினார்கள். இந்த வகை வைஸில் அச்சில் ஊற்றிய பாகம் எதுவும் இல்லை. இரும்பை உலையில் காய்ச்சி, அடித்து நீட்டி, வெள்ளைச் சூட்டில் துண்டோடு துண்டை ஒட்டவைத்து உண்டாக்கினார்கள். தாடையின் முகத்துக்கு மட்டும் எஃகுத் துண்டை வைத்து ஒட்டி, அந்த இடத்தைக் கடினமாக்கினார்கள். மாமாவின் வைஸில் எழுத்து எதுவும் தெரியவில்லை. ஆனால் காலின் உட்புறத்தில், யாரும் பார்க்காத இடத்தில், சுத்தியல் விழுந்த தட்டையான தடங்கள் வரிசையாக இருக்கின்றன. செய்தவரின் கையெழுத்தாக அதையே எடுத்துக்கொண்டேன்.

பெஞ்ச் வைஸ் ஃபவுண்டரியின் பிள்ளை. மண் அச்சில் உருக்கிய இரும்பை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைத்து எடுத்து, சறுக்க வேண்டிய பரப்புகளை மட்டும் இயந்திரத்தில் சீவுவார்கள். ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்யலாம். ஆலைகள் பெருகியபோது இந்த வகையும் பெருகியது. யார்க்‌ஷயரின் ஷிப்லியில் பார்க்கின்சன், ஷெஃபீல்டில் ரெக்கார்ட், அமெரிக்காவில் வில்டன் என்று பெயர் பெற்றவை பல. செக் நாட்டிலிருந்து குடியேறிய ஹ்யூகோ வோகல் 1941-இல் சிகாகோவில் தொடங்கியதுதான் வில்டன். அந்த வைஸ்களின் அடியில் தேதி பொறித்திருக்கும். பழையவற்றில் அது செய்த நாளைக் குறிக்காது. ஐந்தாண்டு உத்தரவாதம் முடியும் நாளைக் குறிக்கும். அதனால் ஐந்தைக் கழித்துத்தான் வைஸின் வயதைக் கணக்கிட வேண்டும்.

என் பெஞ்ச் வைஸின் முதுகில் எழுத்து இருந்த இடம் தேய்ந்து மேடாக மட்டும் தெரிகிறது. ஆனாலும் அது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. 1888-இல் கோவைக்கு முதல் நூற்பாலை வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் மளமளவென்று பெருகின. ஒவ்வோர் ஆலைக்குள்ளும் பழுது பார்க்க ஒரு பட்டறை இருந்தது. ஒவ்வொரு பட்டறை மேசையிலும் இப்படிச் சில வைஸ்கள் இருந்தன. ஆலைகளுக்கு உதிரிப் பாகம் வார்க்கத் தொடங்கிய ஊர்தான் பின்னாளில் பம்புக்கும் மோட்டாருக்கும் பெயர் பெற்றது.

உள்ளே இருக்கும் இரும்பு

வார்ப்பிரும்பில் கார்பன் 2.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். அதில் பெரும்பங்கு கிராஃபைட் செதில்களாக இரும்புக்குள் பரவிக் கிடக்கும். ஒவ்வொரு செதிலும் ஒரு சின்ன வெடிப்புக்குச் சமம். அதனால் இந்த இரும்பை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். அழுத்தத்தைத் தாங்கும் வலு இழுவையைத் தாங்கும் வலுவைப்போல மூன்று நான்கு மடங்கு. வளைந்து எச்சரிக்கும் பழக்கம் இதற்குக் கிடையாது. அதே செதில்கள் ஒரு நன்மையும் செய்கின்றன: அதிர்வை உள்வாங்கிக்கொள்கின்றன. பெஞ்ச் வைஸில் பிடித்து ராவும்போது அரம் கிறீச்சிடாமல் அமைதியாகப் போவதற்கு அது ஒரு காரணம்.

கால் வைஸின் இரும்பு தேனிரும்பு. கார்பன் 0.1 சதவீதத்துக்கும் கீழே. கசடு அதற்குள் நூலிழையாக நீண்டு கிடக்கும். கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்ததும் காலின் மேல் நீளவாக்கில் கோடு கோடாக வரி தெரிந்தது. தேக்குப் பலகையின் ரேகையைப் பார்ப்பதுபோல இருந்தது. கசடு இழைகளைச் சுற்றியிருந்த இரும்பைத் துரு தின்றுவிட்டதால் வெளியே வந்த ரேகை அது. இந்த இரும்பு வளையும், நீளும், திரும்பக் காய்ச்சி அடித்தால் பழைய உருவத்துக்கு வரும்.

கையில் இருப்பது எது என்று அறிய ஆய்வகம் வேண்டாம். மறைவான இடத்தில் சின்னத் துளை போட்டால் வார்ப்பிரும்பு கறுப்புத் தூளாக உதிர்ந்து விரலை அழுக்காக்கும். தேனிரும்பு சுருளாக வரும். கிரைண்டரில் வைத்தால் வார்ப்பிரும்பின் பொறி சிவந்து, குட்டையாகப் பக்கத்திலேயே அணைந்துவிடும். தேனிரும்பின் பொறி வைக்கோல் நிறத்தில் நீளக் கோடாக ஓடும். 1943-இல் கீத் மில்லிஸ் உருக்கிய இரும்பில் மெக்னீசியத்தைச் சேர்த்து, கிராஃபைட் செதிலை உருண்டையாக்கும் வழியைக் கண்டார். அந்த எஸ்.ஜி. இரும்பில் வரும் வைஸ்கள் சற்று வளைந்து கொடுக்கும். ஆனால் அடையாளம் தெரியாத பழைய வைஸில் அதை நம்பி இறங்கக் கூடாது.

அடி போகும் வழி

இரண்டு வைஸிலும் ஒரே சுத்தியலால் ஓர் அடி அடித்தால் அது எங்கே போகிறது என்று பார்த்தால் போதும், வேறுபாடு விளங்கிவிடும். கால் வைஸில் தாடையின் மேல் விழும் அடி பின்காலின் வழியாக நேரே தரைக்கு இறங்குகிறது. கட்டை அதைச் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே இருக்கிறது. பெஞ்ச் வைஸில் அதே அடி தாடையிலிருந்து கழுத்துக்கும், அங்கிருந்து அடித்தட்டுக்கும், அடித்தட்டின் காதுகள் வழியாக போல்ட்டுக்கும் இறங்குகிறது. வழியில் மெலிந்த இடம் எதுவோ அங்கே அது தங்கிவிடும்.

பிடிப்பில் கதை தலைகீழ். பெஞ்ச் வைஸின் நகரும் தாடை நேர்கோட்டில் சறுக்கி வருகிறது. 2 மி.மீ. தகடானாலும் 80 மி.மீ. கட்டியானாலும் முகம் முழுவதும் பதியும். கால் வைஸின் முன்தாடை கீழே ஓர் ஆணியைச் சுற்றிக் கத்தரிக்கோல்போலத் திரும்புகிறது. ஏதோ ஓர் அகலத்தில்தான் இரண்டு முகமும் இணையாக நிற்கும். கனமான கட்டியை வைத்தால் தாடையின் கீழ் விளிம்பு மட்டும் கடிக்கும். மேலே இடைவெளி தெரியும். கணக்காக ராவ வேண்டிய வேலைக்கு அது போதாது.

என்னிடம் வந்த இரண்டின் காயங்களும் இதையே சொல்லின. பெஞ்ச் வைஸின் பின்புற மேடை முழுக்க சுத்தியல் பள்ளம். அதை அடைகல்லாக வைத்து யாரோ பல வருடம் அடித்திருக்கிறார்கள். அடித்தட்டின் ஒரு காதில் வெடிப்பு. கைப்பிடி வில்லாக வளைந்திருந்தது. பைப்பைச் சொருகி முறுக்கிய அடையாளம் அது. கால் வைஸிலோ சுத்தியலால் வந்த கேடு எதுவும் இல்லை. தாடையின் ஒரு மூலையில் மட்டும் தடித்த கம்பியைப் பிடித்து, நெம்பித் திருகியதில் முன்கால் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. முதலாவதிடம் இரண்டாவதின் வேலையையும் இரண்டாவதிடம் முதலாவதின் வேலையையும் வாங்கியிருக்கிறார்கள்.

காயத்தைப் படித்தல்

கால் வைஸ் தன் குறையை மறைப்பதில்லை. வாசலில் நின்று பார்த்தாலே சாய்வு தெரிந்தது. நூல் பிடித்து அளந்தபோது, தாடையின் உச்சியில் ஒரு விரற்கடைக்குக் கொஞ்சம் குறைவாக விலகியிருந்தது.

பெஞ்ச் வைஸின் வெடிப்பு அப்படியில்லை. வாங்கும்போது நான் அதைப் பார்க்கவே இல்லை. பெயின்ட்டும் எண்ணெயும் கலந்த கறுப்புப் படிவுக்கு அடியில் ஒளிந்திருந்தது. பழைய வார்ப்படம் வாங்குகிறவர்கள் ஒரு சோதனையைச் செய்தே தீர வேண்டும். படிவைச் சுரண்டிவிட்டு, மண்ணெண்ணெயை நன்றாகத் தடவி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் துணியால் ஈரம் போகத் துடைத்து, சுண்ணக்கட்டியைப் பொடி செய்து மேலே தூவுங்கள். வெடிப்புக்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பொடியில் ஈரக் கோடு போடும். வண்டி அச்சுகளில் வெடிப்பைத் தேட ரயில்வே பணிமனைகளில் ஒரு காலத்தில் இந்த முறைதான் இருந்தது. என் வைஸில் போல்ட் துளையிலிருந்து கிளம்பி உள்நோக்கி ஏறக்குறைய 4 செ.மீ. நீளத்துக்கு மயிரிழைக் கோடு எழுந்தது. தாடையின் கழுத்திலோ சறுக்கும் பாகத்திலோ அப்படி ஒரு கோடு வந்திருந்தால் அந்த வைஸைத் திரும்பக் கடைக்கே கொண்டுபோயிருப்பேன். இறுக்கும் விசை முழுவதையும் இழுவையாகத் தாங்கும் இடம் அது. அங்கே போடும் ஒட்டை நம்பி முகத்துக்கு நேராக ஒரு வேலையைப் பிடிக்க முடியாது. காது என்பதால் துணிந்தேன்.

துரு

பெஞ்ச் வைஸைப் பாகம் பாகமாகக் கழற்றினால் ஒரு டிரம்முக்குள் அடங்கிவிடும். அதனால் மின்முறையைக் கையாண்டேன். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை வைஸ் பாகத்திலும், நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். துரு தளர்ந்து உதிரும். நல்ல இரும்பு கரையாது. தகட்டுக்கு எதிரே இருக்கும் பக்கம் சீக்கிரம் சுத்தமாகும் என்பதால் பாகத்தை அவ்வப்போது திருப்பி வைக்க வேண்டும். நேர்முனையில் எவர்சில்வர் தகட்டை ஒருபோதும் மாட்டக் கூடாது; நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். கிளம்பும் ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு. திறந்த வெளியில்தான் இதைச் செய்ய வேண்டும். வெளியே எடுத்துக் கழுவியதும் உடனே சூடுகாட்டி உலர்த்தி எண்ணெய் தடவாவிட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் துரு படரும்.

கால் வைஸின் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். டிரம்முக்குள் அடங்காது, அடங்கவும் தேவையில்லை. மண்ணெண்ணெய், கம்பி பிரஷ், பொறுமை ஆகிய மூன்றும் போதுமாக இருந்தன. இரண்டு கால்களுக்கும் நடுவே இருந்து தாடையைத் திறந்துவிடும் பட்டை ஸ்பிரிங்கை மட்டும் தனியே எடுத்து வைத்து, கையாலேயே தேய்த்தேன். கடினமாக்கிய ஸ்பிரிங் எஃகை அமிலத்திலோ மின்தொட்டியிலோ போட்டால் அது ஹைட்ரஜனை உள்வாங்கி நொறுங்கும் தன்மை அடையலாம். அதன் நல்ல நிலைமையைப் பணயம் வைக்க மனம் வரவில்லை.

வெடிப்பும் வளைவும்

இந்த இரண்டு காயங்களையும் ஆற்றிய விதத்தில்தான் இரண்டு இரும்பின் குணமும் முழுமையாகத் தெரிந்தது.

பெஞ்ச் வைஸின் காதை முதலில் பக்கத்துப் பட்டறை ஒன்றில் கொடுத்து, சாதாரண வெல்டிங் ராடில் பற்றவைத்து வாங்கினேன். பார்க்க அழகாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். ஆறிக்கொண்டிருக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஒட்டுக்கு ஒரு நூல் தள்ளி, அதற்கு இணையாகப் புதிய வெடிப்பு. வார்ப்பிரும்பிலிருந்த கார்பன் ஒட்டின் ஓரத்துக்கு ஏறி, வேகமாக ஆறியதில் அந்த இடம் கண்ணாடிபோலக் கடினமாகிவிட்டது; சுருங்கும் உலோகம் இழுத்ததும் பிளந்துவிட்டது. பிழை என்னுடையதும்தான். என்ன இரும்பு என்று நான் சொல்லவில்லை, அவர்கள் கேட்கவில்லை.

இரண்டாம் முறை வார்ப்பட வேலை தெரிந்த ஒரு பெரியவரிடம் போனேன். வைஸைக் கையில் வாங்கியதுமே, “வார்ப்படமுங்க தம்பி. அவசரப்பட்டா இது பொறுக்காதுங்க. இன்னைக்கு வேல, நாளைக்குத்தான் குடுப்பேன்” என்றார். வெடிப்பு முடியும் இடத்தில் 3 மி.மீ. துளை போட்டார், கோடு மேலும் ஓடாமல் அது தடுக்கும். வெடிப்பின் நீளத்துக்கு வி வடிவத்தில் பள்ளம் தோண்டினார். பல வருடம் குடித்திருந்த எண்ணெய் புகைந்து தீரும்வரை அந்த இடத்தைச் சுட்டார். பிறகு காது மட்டுமின்றி அடித்தட்டு முழுவதையும் சூடாக்கி, நிக்கல் ராடில் ஒரு அங்குலம் வைப்பார், நிறுத்துவார், சின்னச் சுத்தியலால் ஒட்டைத் தட்டிக் கொடுப்பார், மறுபடி ஒரு அங்குலம். தட்டுவதால் ஒட்டு சற்றே பரந்து, சுருங்கும் இழுப்பு குறைகிறது. முடிந்ததும் வைஸை அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் காலையில் சாம்பலைத் தள்ளி எடுத்தபோதும் அது கைபொறுக்கும் சூட்டில்தான் இருந்தது. சுண்ணப் பொடிச் சோதனையை மறுபடி செய்தேன். கோடு வரவில்லை.

கால் வைஸின் சாய்வை நிமிர்த்த, மாமாவிடம் வேலை கற்ற அண்ணன் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் இன்னும் உலை வைத்திருக்கிறார். “மாமன் வைஸுங்களா? தாடைக்கு ஈரச் சாக்கு சுத்துங்க தம்பி. அங்க சூடு ஏறப்படாது” என்றார். முகத்தில் ஒட்டியிருக்கும் எஃகின் கடினம் போய்விடக் கூடாது என்பது அவர் கவலை. வளைந்த இடம் மட்டும் ஆரஞ்சு நிறத்துக்கு வரும்வரை காய்ச்சி, அடைகல்லில் சாய்த்து, கனமான சுத்தியலால் ஏழெட்டு அடி. நிறம் மங்கிச் சிவந்ததும் அடிப்பதை நிறுத்தி மறுபடி உலையில் வைத்தார். தேனிரும்பைச் சூடு குறைந்த பின் அடித்தால் நார் நாராகப் பிரியும் என்று சொல்லிக்கொண்டே செய்தார். இரண்டாவது சூட்டில் கால் நூலுக்கு நேராக நின்றது. ஆறவைக்கச் சாம்பல் தேடவில்லை. சுவரில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம்.

ஒன்றுக்கு ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. மற்றது கால் மணி நேரத்தில் நிமிர்ந்தது. வளையத் தெரிந்த இரும்பு மன்னிக்கிறது. வளையத் தெரியாததற்கு, அதன் போக்கில் ஆறவிடும் பொறுமையை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

மரை

கால் வைஸ் எல்லாவற்றையும் மன்னிக்கும் என்று இதிலிருந்து எண்ணிவிடக் கூடாது. அதற்கும் ஓர் உயிர்நிலை உண்டு: திருகு நுழையும் குழல். பழைய கால் வைஸ்களில் அந்தக் குழலுக்குள் மரையைக் கடைந்து எடுக்கவில்லை. சதுரக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, குழலுக்குள் செலுத்தி, பித்தளையை உருக்கி ஊற்றி ஒட்டவைத்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தால் கறுத்த சுருளின் ஓரத்தில் மஞ்சள் கோடு மின்னுகிறது. திருகு இறுகியிருக்கிறதே என்று குழலை உலையில் சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பித்தளை இளகும், சுருள் நழுவும், பிறகு வைஸ் பிடிக்காது. அந்த அண்ணனும் அந்தப் பக்கம் நெருப்பையே காட்டவில்லை. மண்ணெண்ணெயை ஊற்றி, குழலை மேல்நோக்கி நிறுத்தி, தினமும் மரச்சுத்தியலால் தட்டித் தட்டி ஒன்பதாம் நாள் திருகை அசைத்தேன்.

பெஞ்ச் வைஸின் நட்டு தனிப் பாகம். அடியில் ஒரு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். மரை கூர்ந்து கத்திபோல ஆகியிருந்ததால் லேத் பட்டறையில் புதிய நட்டுக் கடைந்து வாங்கினேன். உடைந்தால் மாற்றிக்கொள் என்பது ஆலைக் கருவியின் ஏற்பாடு. கால் வைஸில் மாற்றிக்கொள்ள எதுவுமில்லை. இருப்பதைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும்.

மாற்றிக்கொள்வதிலும் ஒரு கவனம் வேண்டும். பெஞ்ச் வைஸின் தாடைத் தகட்டைப் பிடிக்கும் திருகாணி ஒன்று இல்லை. கடையில் 8 மி.மீ. திருகாணி கொடுத்தார்கள். இரண்டு சுற்றுப் போய் நின்றுவிட்டது. பலத்தைக் காட்டாமல் வெளியே எடுத்து மரையை அளந்தேன். பழைய துளை 5/16 அங்குல விட்வொர்த் மரை. அதன் விட்டம் 7.94 மி.மீ. என்பதால் 8 மி.மீ. திருகாணி உள்ளே நுழைவதுபோல இருக்கும். ஆனால் புரி இடைவெளி அதில் 1.41 மி.மீ., இதில் 1.25, மரையின் கோணம் அதில் 55 டிகிரி, இதில் 60. முறுக்கியிருந்தால் துளை பாழாகியிருக்கும். 1841-இல் ஜோசஃப் விட்வொர்த் வகுத்த அந்த அளவு ஆலைகளோடு சேர்ந்து நம் ஊருக்கும் வந்தது. பழைய இங்கிலீஷ் வார்ப்படத்திலும் அதைப் பார்த்துச் செய்ததிலும் எந்தத் துளையையும் மெட்ரிக் என்று எண்ணித் தொடக் கூடாது.

வளைந்த கைப்பிடிக்குப் பதிலாகத் தடித்த, உறுதியான கம்பி போடலாமே என்று பலர் சொன்னார்கள். போடவில்லை. கைப்பிடி மென்மையான எஃகில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அளவுக்கு மீறி முறுக்கினால் முதலில் அது வளைய வேண்டும். வார்ப்படம் தப்பிக்க வேண்டும். என் வைஸின் தாடை இன்றும் முழுசாக இருக்கிறது என்றால் அந்த வளைந்த கம்பி தன் கடமையைச் செய்திருக்கிறது. அதே விட்டத்தில் மென்எஃகுக் கம்பியைத்தான் மறுபடி போட்டேன்.

பூச்சும் நிலையும்

பெஞ்ச் வைஸின் உடம்பு மண் அச்சின் சொரசொரப்போடு பிறந்தது. தொடக்கத்திலேயே பெயின்ட் அடித்து விற்றது. ஆகவே ரெட் ஆக்சைடும், அதன் மேல் பச்சை எனாமலும் அடித்தேன். சறுக்கும் பரப்பிலும் மரையிலும் பெயின்ட் படாமல் எண்ணெய் மட்டும். பின் மேடையில் இருந்த சுத்தியல் பள்ளங்களைப் பட்டி போட்டு மறைக்கவில்லை. அங்கே அடிக்கக் கூடாது என்பதை எனக்கு நினைவூட்ட அவை இருக்கட்டும். கால் வைஸ் உலையின் கறுப்போடு பிறந்தது. வெயிலில் சூடேற்றி, ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து உலரவிட்டேன். வரி வரியான அந்த ரேகை எண்ணெயில் இன்னும் துலங்கியது. அதன் மேல் பெயின்ட் அடிக்கக் கை வரவில்லை.

நிறுத்தியதிலும் ஒவ்வொன்றின் வேலைதான் அளவு. இரண்டுக்கும் உயரம் ஒன்று: நின்றபடி கையை மடக்கி முழங்கையைத் தாடையின் மேல் வைத்தால் முஷ்டி முகவாயைத் தொட வேண்டும். ஃபிட்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பழைய கணக்கு இது. பெஞ்ச் வைஸின் நிலைத்தாடை மேசை விளிம்புக்குச் சற்று வெளியே வரும்படி வைத்தேன். நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடித்தால் மேசையில் இடிக்காது. அடித்தட்டுக்குக் கீழே மேசை சமதளமா என்று மட்டம் வைத்துப் பார்த்து, ராவிய பிறகே போல்ட்டை இறுக்கினேன். மேடுபள்ளத்தின் மேல் வைத்து இறுக்கினால் காது மறுபடி வெடிக்கும். கால் வைஸுக்கு அந்தக் கவலை இல்லை. அதற்கு வேண்டியது காலுக்கு அடியில் அசையாத தரை. கான்கிரீட்டில் கனத்த இரும்புத் தகட்டைப் பதித்து, நடுவில் குழி செய்து, காலின் முனையை அதில் இறக்கினேன்.

ஓர் ஆப்பு

கடைசியில் ஒரு குறை மிஞ்சியது. கால் வைஸின் பின்காலைக் கட்டையோடு இறுக்கும் பட்டையில் ஓர் ஆப்பு இல்லை. மாமா காலத்திலேயே தொலைந்திருக்கும். மரச் சக்கையைச் செருகி ஓட்டியிருந்தார். கடையில் கிடைக்கும் பொருளல்ல அது.

நானும் தற்காலிகமாக ஒரு மரச் சக்கையைச் செருகிக்கொண்டு இரும்புப் பட்டைத் துண்டு ஒன்றைச் சிவக்கக் காய்ச்சினேன். கால் வைஸில் இறுக்கிப் பிடித்து, ஆப்பின் தலையை அடித்து வளைத்தேன். ஒவ்வோர் அடியும் காலின் வழியாகத் தரைக்கு இறங்குவது பாதத்தில் தெரிந்தது. மேலே வைஸ் நகரவே இல்லை. ஆறிய பிறகு அதே துண்டைப் பெஞ்ச் வைஸுக்கு மாற்றினேன். தாடையில் செப்புத் தகட்டை மடித்துப் போட்டு, ஆப்பின் சரிவைப் பட்டை அரத்தால் ராவினேன். துளையில் செருகிப் பார்ப்பது, உரசிய இடத்தைச் சுண்ணக்கட்டியில் கண்டு மறுபடி ராவுவது என்று ஒரு மாலைப்பொழுது போனது. அங்கே அடி கிடையாது. அரத்தின் ஓசைகூட அடக்கமாகத்தான் கேட்டது.

மரச் சக்கையை உருவிவிட்டு ஆப்பைச் செருகி இரண்டு தட்டுத் தட்டினேன். கால் வைஸ் கட்டையோடு ஒட்டிக்கொண்டது. ஒன்றின் கடைசிப் பாகத்தைச் செய்து முடிக்க இரண்டும் தேவைப்பட்டன. பட்டறைக்குள் நுழையும்போது முதலில் கண்ணில் படுவது அந்த ஆப்புதான். அதன் தலையில் சுத்தியலின் தழும்பு, சரிவில் அரத்தின் கோடுகள்.